தூங்குமூஞ்சித் தொட்டியின் மேல் நாலாயிரம் பாட்டில்

அசுசேனா யாந்தேன் இருபத்திரண்டு வருடங்களாகத் தண்ணீர்த் தொட்டிகளுக்குக் காவல். அர்ஜென்டினாவில் மெந்தோசா மாகாணத்தின் தென்கோடியில், போசோ செக்கோ ஊரைச் சுற்றிய பொட்டல்வெளியில் அந்தத் தொட்டிகள் ஆயிரத்து இருநூறு நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர். அதைவிடச் சுத்தமான தண்ணீர் ஆஸ்பத்திரியில்கூடக் கிடையாது என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அதை மனிதர் குடிக்கக் கூடாது, ஆடு குடிக்கக் கூடாது, வெயில்கூட எட்டிப் பார்க்கக் கூடாது. ஊரின் பெயருக்கே 'வறண்ட கிணறு' என்று பொருள். அப்படிப்பட்ட ஊரில் இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்தவர்கள் பெரிய படிப்பாளிகளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் ஆரம்பம் முதலே சந்தேகம் இருந்ததில்லை.

தொட்டிக்குள் மூன்று கண்ணாடிக் கண்கள் உண்டு. ஆகாயத்திலிருந்து துகள் ஏதாவது விழுந்தால் தண்ணீரில் ஒரு நீல மினுக்கு வரும். கண்கள் அதை எண்ணிக்கொள்ளும். விழுகிற துகள்களில் இரண்டு ரகம். ஒன்று பஞ்சு ரகம்; தண்ணீரில் நாலடி போவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும். மற்றது மியூவான். அழைக்காமல் விருந்துக்கு வந்த தூரத்துச் சொந்தக்காரரைப் போல, வாசலில் எதை வைத்து மறித்தாலும் ஊடுருவி உள்ளே வந்துவிடும்.

ஆகாயத்திலிருந்து எத்தனை மியூவான் வரலாம் என்று ஐரோப்பாவில் ஒரு கோட்பாடு எழுதி வைத்திருந்தார்கள். சாதாரணக் கோட்பாடு அல்ல. பரிசுகள் வாங்கிய கோட்பாடு. அது நூறு மியூவான்களுக்கு அனுமதி கொடுத்திருந்தது. போசோ செக்கோவில் வந்து இறங்கியவை நூற்று முப்பத்து நாலு. ஆக, முப்பத்து நாலு மியூவான்கள் எந்த அனுமதியும் இல்லாமல் அர்ஜென்டினாவுக்குள் நுழைந்துகொண்டிருந்தன.

இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம் என்று ஐரோப்பாவில் கூடிப் பேசினார்கள். கோட்பாடு தப்பாக இருக்கலாம். அல்லது அசுசேனா யாந்தேன் தப்பாக இருக்கலாம். இரண்டாவது காரணம் எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

எனவே மார்ச் மாதத்தில் ப்ரொஃபசர் ஓட்மார் வீஸ்னர் விமானம் ஏறினார். கோட்பாட்டின் கணிசமான பகுதி அவர் கையால் எழுதப்பட்டது என்பதால், அது சரியா தப்பா என்று பாரபட்சம் இல்லாமல் விசாரிக்க அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கவில்லை.

சேதியைச் சொன்னவர் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் துலியோ பஸ்தியாஸ். ஊர் முழுக்க அவரைக் குண்டு டாக்டர் என்று முகத்துக்கு நேராகவே கூப்பிடும். அவரும் என்னவென்று கேட்பார்.

"அசுசேனா, அந்த மனுஷன் தொட்டி தொட்டியா பாக்கப் போறாராம்."

"ஆயிரத்து எரநூறையுமா?"

"சீட்டுப் போட்டு நாப்பது. பஞ்சையெல்லாம் மியூவான்னு எண்ணிட்டு உக்காந்திருக்கோம்ங்கிறார். தொட்டிங்களை ஒழுங்கா வச்சுக்கலையாம். ஒரே ஒரு தொட்டியில கோளாறு இருந்தாலும் போதுமாம். அறிக்கையில எழுதிடுவார், நம்ம முடிவை வாபஸ் வாங்கச் சொல்லிடுவாங்க. அப்புறம் இந்தத் தொட்டிங்களுக்கு எந்த நாட்டுக்காரன் மின்கலம் வாங்கித் தருவான்? ஆட்டுக்குத் தண்ணி காட்டத்தான் ஆகும்."

"ஆட்டுக்காவது ஆகுமே."

"கேளு. அறிக்கையில 'தவறுக்குக் காரணம்'னு ஒரு வரி உண்டு. அதுல பேர் போடுவாராம்."

"யார் பேரு?"

குண்டு டாக்டர் மாத்தே தேநீர்க் குவளையின் உறிஞ்சுகுழலை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக ஆண்டிஸ் மலையைப் பார்த்தார். தினமும் பார்க்கிற மலைதான். "வாராந்திரப் படிவத்துல யார் கையெழுத்து இருக்கோ அவங்க பேரு."

"அது என் கையெழுத்து."

"ஆமா. நல்ல முத்து முத்தான கையெழுத்து."

அசுசேனாவுக்கு ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது தொட்டிகளைப் பற்றிக் கவலை இல்லை. எந்தத் தொட்டியில் எந்தக் கம்பியை எந்தப் பெருச்சாளி கடித்தது, எதன் மூடியை எந்தக் காற்று பெயர்த்தது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆராய்ச்சிக்காரர்கள் தங்கள் குழந்தைகளின் பிறந்த நாளை மறப்பார்கள். அவள் எந்தத் தொட்டியின் மின்கலத்தை மாற்றிய நாளையும் மறந்ததில்லை. அவளுடைய கவலை எல்லாம் எண்ணூற்றுப் பதினேழாம் தொட்டி ஒன்றைப் பற்றித்தான்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு ஜனவரி மாதம், லாரி ஓட்டும் எவரிஸ்தோ மௌரே அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் அச்சு முறிந்து நின்றான். இரண்டு நாள் அந்தப் பாதையில் ஈ காக்காய் வரவில்லை. குடிக்க ஒரு மடக்குத் தண்ணீர் இல்லாமல், பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீருக்கு முதுகைச் சாய்த்து, அதன் நிழலில் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்து, திஃபுந்தா கொரேயாவைக் கும்பிட்டான். கொரேயா அம்மாள் யார் என்று அந்தப் பக்கத்து லாரிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். போருக்கு இழுத்துச் செல்லப்பட்ட புருஷனைத் தேடிக் கைக்குழந்தையோடு பாலைவனத்தில் நடந்து, தாகத்திலேயே செத்தவள். செத்த பிறகும் பால் கொடுத்துக் குழந்தையைப் பிழைக்க வைத்தவள். அவளுக்குப் பூ வேண்டாம், மெழுகுவர்த்தி வேண்டாம். தண்ணீர்தான் வைப்பார்கள். மூன்றாம் நாள் எண்ணெய்க் கம்பெனி வண்டி ஒன்று வந்து எவரிஸ்தோவை அள்ளிக்கொண்டு போனது. அடுத்த வாரமே அவன் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொண்டுவந்து தொட்டியின் மேல் வைத்தான்.

அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் லாரிக்காரர்களிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு அது முடியும் என்று எதிர்பார்க்க முடியுமா? ஆறு மாதத்தில் முந்நூறு பாட்டில் சேர்ந்தது.

'தொட்டியின் மேல் எந்தப் பொருளையும் வைக்கக் கூடாது' என்பது நிலையத்தின் பதினாலாம் விதி. விதிப்படி அசுசேனா அவற்றை எடுத்துப் போட்டிருக்க வேண்டும். அவள் வாரத்தில் ஆறு நாள் வோல்ட் மீட்டரை நம்புகிறவள். ஆனால் கொரேயா அம்மாளின் தண்ணீரில் கை வைக்கும் அளவுக்கு அதை நம்புகிறவள் அல்ல. அந்த மாகாணத்தில் அப்படி ஒருத்தி இன்னும் பிறக்கவில்லை. அதனால், தன்னை மரியாதையாகத் 'தோன்யா' என்று அழைக்கும் எவரிஸ்தோவைக் கூப்பிட்டாள்.

"ஏண்டா, என் தொட்டி கூரை உள்ள இறங்குது. உங்க பக்தியைக் கொஞ்சம் தள்ளி வச்சா அம்மா கோச்சுக்குவாளா?"

"தள்ளி வைக்கக் கூடாது தோன்யா. வேணும்னா தூக்கி வைக்கலாம்."

எண்ணெய்க் கிணறுகளில் கழித்துப்போட்ட இரும்புக் குழாய்களைக் கொண்டுவந்து, தொட்டிக்கு மேலே பந்தல் போல ஒரு பரணை வெல்டிங் செய்து கொடுத்தான். சூரியத் தகட்டையும் ஆன்டெனாவையும் அவள் தனிக் கம்பத்தில் ஏற்றினாள். அன்று முதல் பாட்டில்கள் பரண்மேல் அடுக்கடுக்காக வளர்ந்தன. வாராந்திரப் படிவத்தில் 'தொட்டியின் நிலை' என்ற கட்டத்தில் அவள் 'வழக்கம் போல' என்று எழுதினாள். பொய் இல்லை. ஒவ்வொரு வாரமும் போன வாரத்தைப் போலத்தான் இருந்தது. ஏழெட்டுப் பாட்டில் கூடுதல், அவ்வளவுதான்.

எண்ணூற்றுப் பதினேழின் எண்ணிக்கை மட்டும் வருடா வருடம் இறங்கிக்கொண்டே வந்தது. கணக்கிடும் அறையில் அதற்குத் 'தூங்குமூஞ்சி' என்று பெயர் வைத்தார்கள். கணிப்பொறி அதன் தகவலைக் கோளாறு என்று முத்திரை குத்தித் தினமும் குப்பையில் போட்டது. ஆனால் இயற்பியல்காரர்கள் குப்பையை எறிய மாட்டார்கள். எண் போட்டு அடுக்கி வைப்பார்கள். அசுசேனா தன் பங்குக்கு மாதம் ஒருமுறை போய், ஒன்றும் ஆகாத மின்னணுப் பெட்டியைக் கழற்றித் திரும்ப மாட்டிவிட்டு வருவாள்.

ப்ரொஃபசர் வீஸ்னர் வந்தார். ஸ்பானிஷைப் பழைய இலக்கணப் புத்தகத்தில் படித்தவர் என்பதால் வானொலிச் செய்தி வாசிப்பவர் மாதிரிதான் பேசுவார். அசுசேனாவின் வண்டியில் ஏறிப் பத்து நாளில் முப்பத்தொன்பது தொட்டிகளைப் பார்த்தார். தண்ணீரைச் சோதித்தார், கம்பியை இழுத்தார், வெள்ளைக் கைக்குட்டையால் மூடியைத் துடைத்து, கைக்குட்டை வெள்ளையாகவே இருப்பதைக் கண்டு வருத்தப்பட்டார். பத்தாம் நாள் சீட்டுப் போடுவதை நிறுத்திவிட்டார்.

"அம்மணி, நாற்பதாவதை யான் தேர்ந்தெடுக்கிறேன். நீங்கள் கோளாறு என்று ஒதுக்கிய தொட்டிகளின் பட்டியலில் முதலாவதாக நிற்பது எண்ணூற்றுப் பதினேழு. செல்வோமா?"

அசுசேனா வண்டியைக் கிளப்பினாள். "போலாம்." போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆனது.

தூரத்திலிருந்தே அது பளபளத்தது. நாலு ஆள் நீளத்துக்கு, ஓர் ஆள் உயரத்துக்கு, வெயிலில் மின்னும் தண்ணீர்ப் பாட்டில் கோட்டை. அதன் அடியில் எங்கோ ஒரு விஞ்ஞானக் கருவி. பக்கத்தில் லாரியை நிறுத்திவிட்டு எவரிஸ்தோ வறுத்த ஆட்டுக்கறியைக் கத்தியால் வெட்டித் தின்றுகொண்டிருந்தான். ப்ரொஃபசர் வண்டியை விட்டு இறங்கிக் கதவைச் சாத்தவும் மறந்து நின்றார்.

"அம்மணி, இது யாது?"

"தொட்டி."

"இதன் மேல் இருப்பது?"

"தண்ணி."

"எத்தனை காலமாக?"

"வழக்கம் போல," என்றாள் அசுசேனா. பதினோரு வருடப் பழக்கம், சட்டென்று விடவில்லை.

ப்ரொஃபசரின் முகத்தில் பத்து நாளில் முதல் முறையாகச் சந்தோஷம் பரவியது. குறிப்பேட்டைத் திறந்து, பேனாவின் மூடியைக் கழற்றி, சொல்லிக்கொண்டே எழுதினார்: "கண்டறியப்பட்டது. கருவியின் மீது மத வழிபாட்டுப் பொருள்கள். பராமரிப்பாளரின் முழு அறிவோடு. தவறுக்குக் காரணம்: அ. யாந்தேன்."

எவரிஸ்தோ எழுந்தான். "தோன்யா, இந்த வெள்ளக்கார கிரிங்கோ என்னத்த எழுதுறான்? ஒரு வார்த்த சொல்லு, லாரியில ஏத்திச் சிலி எல்லையில எறக்கிட்டு வந்துடறேன்."

"நீ கறியத் தின்னு." அசுசேனா ப்ரொஃபசரின் குறிப்பேட்டில் தன் பெயரைப் பார்த்தாள். முதல் தடவையாக ஓர் அறிவியல் ஆவணத்தில் அவள் பெயர், அதுவும் இப்படி. காதெல்லாம் சூடேறியது. "ஐயா, ஒரு சந்தேகம். எங்க தொட்டிங்க மேல உங்க புகார் என்ன? கூடுதலா எண்ணுதுன்னா, கொறச்சலா எண்ணுதுன்னா?"

"கூடுதலாக. பஞ்சையும் சேர்த்து மியூவான் என்று எண்ணுவதால்."

"அப்ப இது? தூங்குமூஞ்சி எல்லாத்தையும்விடக் கம்மியால்ல எண்ணுது. இவ்ளோ தண்ணிக்குக் கீழ பஞ்சு எப்படி ஐயா எறங்கும்? அதான் மேலயே மூச்சு வாங்கி நின்னுடுமே. அப்ப அடியில வந்து சேர்றது யாரு?"

ப்ரொஃபசர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. ஆட்டுக்கறியில் உட்கார்ந்திருந்த ஈ ஒன்று அதை யோசனையோடு சுற்றிப் பார்த்தது.

நல்ல கேள்வி கேட்கப்பட்டால் அது யார் வாயிலிருந்து வந்தது என்று பார்க்காமல் கணக்குப் போட ஆரம்பித்துவிடும் நோய் ப்ரொஃபசருக்கு உண்டு. அவர் நேர்மையானவராக இருந்ததற்கு அந்த நோய்தான் காரணம். பாட்டில் கோட்டையை அண்ணாந்து பார்த்தார். பேனாவைச் சட்டைப் பையில் செருகினார்.

"மியூவான்கள் மட்டும்," என்றார் மெதுவாக. "இந்தத் தொட்டி மியூவான்களை மட்டுமே பார்க்கிறது. எங்கள் ஊரில் இப்படி ஒரு கவசம் அமைக்க நாங்கள் ஆறு வருடமாக விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறோம்... அம்மணி, இந்தப் பாட்டில்களை எண்ண வேண்டும். மொத்தத் தண்ணீர் எவ்வளவு என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்."

"எண்ணலாம்," என்றான் எவரிஸ்தோ. "ஆனா வெறுங்கையோட வந்தவன் தொடக் கூடாது. மொதல்ல நீ ஒரு பாட்டில் வையி. அப்புறம் ஒவ்வொண்ணையும் எடுக்கும்போது 'அனுமதி குடு தாயே'ன்னு சொல்லணும்."

"ஒவ்வொரு முறையுமா?"

"அவளுக்கு ஒவ்வொண்ணும் வேற வேற ஆள் குடுத்தது கிரிங்கோ."

ஐரோப்பாவின் மூன்று அறிவியல் கழகங்களில் உறுப்பினரான ஓட்மார் வீஸ்னர் தன் பையிலிருந்த கடைசிக் குடிநீர்ப் பாட்டிலைப் பரணில் வைத்தார். பிறகு சட்டைக் கையை மடக்கிக்கொண்டு எண்ணத் தொடங்கினார். முதல் நாற்பது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு அனுமதி கேட்டார். இருநூறுக்கு மேல் பழக்கமாகிவிட்டது. இரண்டாம் நாள் மத்தியானம் எவரிஸ்தோ ஓர் அடுக்கில் அனுமதி கேட்க மறந்தபோது, ப்ரொஃபசர்தான் திரும்பிப் பார்த்து முறைத்தார். மொத்தம் நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.

நிலையத்துக்குத் திரும்பியதும் குப்பையிலிருந்து பதினோரு வருடத் தகவலைத் தோண்டினார்கள். ஒவ்வொரு வருடமும் பரணில் எவ்வளவு உயரம் என்பது எவரிஸ்தோவுக்கு ஞாபகம் இருந்தது. லாரியின் எந்தப் பாகம் வரை எட்டியது என்று சொன்னான். அத்தனை தண்ணீருக்கு அடியில் கோட்பாட்டின்படி நூறு மியூவான் வந்திருக்க வேண்டும். தூங்குமூஞ்சி எண்ணியது நூற்று முப்பத்து மூன்று.

குண்டு டாக்டர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. ஆனால் ப்ரொஃபசர் தலையை ஆட்டினார்.

"ஒரு தொட்டியை நம்பி என் கோட்பாட்டை அடக்கம் செய்ய முடியாது. இன்னொரு தொட்டி வேண்டும். நல்ல தொட்டி, கோளாறு என்று யாரும் சொல்லாத தொட்டி. அதன் மேல் இதே அளவு தண்ணீர். ஆறு வாரம் எண்ண வேண்டும். அது நூறு காட்டினால், அம்மணி, உங்கள் பெயர் நான் எழுதிய இடத்திலேயே இருக்கும்."

"நூத்தி முப்பது காட்டினா?"

"என் பெயரை அங்கே எழுதுவேன்."

இடைஞ்சல் ஒன்று இருந்தது. அப்படி ஒரு கவசம் போட ஐரோப்பாவில் மூன்று குழுக்கள் கூடி ஒப்புதல் தர வேண்டும். எப்படியும் இரண்டு வருடம் ஆகும். அறிக்கை போக வேண்டியதோ ஜூன் மாதம். அசுசேனா நேராக ஊர் வானொலிக்குப் போனாள்.

வானொலியில் அவள் பேசியது அரை நிமிடம். "நான் அசுசேனா யாந்தேன். என் தொட்டிங்க பொய் சொல்லுதுன்னு பேச்சு வந்திருக்கு. ஞாயித்துக்கெழம எண்ணூத்திப் பதினெட்டாம் தொட்டிக்கு ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி கொண்டு வாங்க. மூடியை இறுக்கமா மூடுங்க. சோடா வேண்டாம்."

ஏப்ரல் மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமையைப் போசோ செக்கோ இன்றும் பேசுகிறது. விடிந்தபோது எவரிஸ்தோ குழாய்ப் பரணை வெல்டிங் செய்து முடித்திருந்தான். எட்டு மணிக்கு லாரிக்காரர் சங்கம் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. ஒன்பதுக்கு ஆடு மேய்ப்பவர்கள் குதிரைகளில் வந்தார்கள். சேணத்தின் இரு பக்கமும் பாட்டில் தொங்கியது. உள்ளூர்க் கால்பந்துக் கழகங்கள் இரண்டும், இருபது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவை, யார் அதிகம் கொண்டுவருவது என்று போட்டி போட்டுத் தலைக்கு ஐந்நூறு இறக்கின. பாதிரியார் கொரேயா அம்மாளைத் திருச்சபை அங்கீகரிக்கவில்லை என்று நினைவூட்டிவிட்டு, தான் கொண்டுவந்த நாலு பாட்டிலை வைத்தார்.

"ஃபாதர், இது அறிவியலுக்கா அம்மாவுக்கா?" என்று கூட்டத்திலிருந்து யாரோ கத்தினார்கள்.

"அசுசேனாவுக்கு," என்றார் பாதிரியார்.

ப்ரொஃபசர் தொப்பி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பாட்டிலையும் தராசில் நிறுத்தி வாங்கினார். மூடி தளர்வாக இருந்தவற்றைத் திருப்பி அனுப்பினார். மாலை நாலு மணிக்கு நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டாவது பாட்டில் ஏறியது. அதற்குப் பிறகும் வண்டிகள் வந்துகொண்டிருந்ததால் மிச்சத்தை ஆடுகள் குடித்தன.

ஆறு வாரம் அசுசேனா அந்தத் தொட்டிப் பக்கமே போகவில்லை. போனால் ஏதோ செய்தாள் என்பார்கள். சாவியைப் ப்ரொஃபசரிடம் கொடுத்துவிட்டு மற்ற தொட்டிகளைச் சுற்றினாள். வீட்டில் சோமாசி போன்ற எம்பனாடாவை மடிக்கும்போது நூறா, நூற்று முப்பதா என்று மனசுக்குள் ஓடும். ஓரங்களை அளவுக்கு மேல் அழுத்தி முறுக்கிவிடுவாள்.

ஜூனில் முதல் பனி விழுந்த அன்று காலை ப்ரொஃபசர் அவள் வீட்டுக்கே வந்தார். தொப்பியைக் கழற்றியிருந்தார். குளிரில் காது சிவந்திருந்தது.

"என்னாச்சு ஐயா?"

அவர் அத்தனை நாளும் காப்பாற்றிய இலக்கணம் கைவிட்டுப் போயிருந்தது. "நூத்தி முப்பத்தி நாலு," என்றார் எவரிஸ்தோவின் பேச்சில். "நூத்தி முப்பத்தி நாலு, தோன்யா! என் கோட்பாடு போச்சு! போயே போச்சு!" மகள் கல்யாணம் நிச்சயமானவரைப் போல அவர் சிரித்தார். அவளைக் கட்டிப்பிடித்ததில் அவருடைய கண்ணாடி எம்பனாடா மாவில் விழுந்தது.

அன்று போசோ செக்கோவில் மணி அடித்தார்கள். தீயணைப்பு வண்டி சும்மா ஊளையிட்டுக்கொண்டு ஊரை மூன்று சுற்றுச் சுற்றியது. மியூவான் என்றால் என்ன என்று தெரியாதவர்களும் முப்பத்து நாலு கோல் வித்தியாசத்தில் ஐரோப்பாவை ஜெயித்துவிட்டதாகப் புரிந்துகொண்டார்கள். அது பெரிய தப்பும் இல்லை.

அறிக்கை போனது. 'தவறுக்குக் காரணம்' என்ற வரியில் 'கோட்பாடு, ஓ. வீஸ்னர்' என்று இருந்தது. ஆராய்ச்சிக் கட்டுரையின் முகப்பில் முந்நூற்று எண்பது பெயர்களை ஆங்கில அகர வரிசையில் போட்டார்கள். யாந்தேன் என்பது வரிசைப்படி கடைசிக்கு முந்திய இடத்தில் வந்தது. டாக்டர் பட்டம் இல்லாத ஒரே பெயர் அது. கொரேயா அம்மாளையும் சேர்க்க வேண்டும் என்று எவரிஸ்தோ எழுதிய கடிதத்தின் மேல் குழு இரண்டு கூட்டம் நடத்தியது. இறந்தவர்களைச் சேர்க்க முன்னுதாரணம் இருந்தாலும், அவரிடம் கையெழுத்து வாங்குவதில் சிரமம் என்று கடைசியில் நன்றியுரையில் சேர்த்தார்கள்.

பதினாலாம் விதியையும் திருத்தினார்கள். எண்ணூற்றுப் பதினேழு, எண்ணூற்றுப் பதினெட்டு ஆகிய தொட்டிகளின் மேலிருந்து எந்தப் பொருளையும் எடுக்கக் கூடாது. புதிதாக வைப்பவர்கள் தேதியும் எடையும் எழுதி வைக்கவும்.

லாரிக்காரர்கள் இப்போது எடை எழுதித்தான் வைக்கிறார்கள். அசுசேனா வாரா வாரம் அதைக் கூட்டி அனுப்புகிறாள். 'தொட்டியின் நிலை' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று முதல் வாரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். எழுதி, கையெழுத்துப் போட்டாள், முத்து முத்தாக. வழக்கம் போல.